கீலும் கதவும்: மத்தீஸ் பற்றிய பியர் ஷ்னைடரின் எழுத்துகள்

நவீன ஓவியத்திற்கும் இஸ்லாமியக் கலைக்கும் உள்ள உறவைப் பற்றி நம்மவர் எழுதுபவை பெரும்பாலும் பெருமைப் பட்டியல்களாக முடிந்துவிடுகின்றன. இன்ன ஓவியர் இன்ன முஸ்லிம் நாட்டிற்குச் சென்றார், எனவே அவர் நமக்குக் கடன்பட்டவர் என்பதோடு ஆய்வு நின்றுவிடும். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸின் வகையில் அக்கடனை முறையாக அளந்து காட்ட முயன்றவர் கலை வரலாற்றாசிரியர் பியர் ஷ்னைடர். 1970இல் பாரிஸில் நடைபெற்ற மத்தீஸ் நூற்றாண்டுக் கண்காட்சியை அமைத்தவர் அவர். 1984இல் வெளிவந்த அவருடைய ‘மத்தீஸ்’ எழுநூறு பக்கங்களைக் கடந்த பெருநூல்.

மத்தீஸ் 1910இல் மியூனிக் நகரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இஸ்லாமியக் கலைப்பொருள்கள் வைக்கப்பட்ட கண்காட்சியைக் கண்டார். 1912, 1913ஆம் ஆண்டுகளில் இருமுறை, அரபியர் தன்ஜா என்றழைக்கும் டான்ஜியர் நகரில் தங்கினார். 1990இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் நடத்திய கண்காட்சியின் நூலில் இப்பயணங்களைப் பற்றி எழுதிய ஷ்னைடர், தம் கட்டுரைக்கு ‘மொராக்கோ என்னும் கீல்’ எனப் பெயரிட்டார். சொல் பொருத்தமானது. மொராக்கோவை அயல்நாட்டு ஒப்பனையாகக் கொள்ளாமல், ஓவியரின் கலை திரும்பும் அச்சாகக் காண்கிறார். 1913இல் தீட்டப்பட்ட ‘மொராக்கோ காபிக்கடை’யில் அமர்ந்திருப்போருக்குக் கண்ணும் வாயும் இல்லை. முதலில் வரையப்பட்ட விவரங்கள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டதை மத்தீஸின் நண்பர் மார்செல் செம்பா அவ்வாண்டிலேயே பதிவு செய்துள்ளார்.

மத்தீஸின் முதுமைக்காலப் பெரும்பணி, பிரான்சின் தென்பகுதியிலுள்ள வான்ஸ் என்ற ஊரில் தொமினிக்கக் கன்னியருக்காக அமைத்த சிற்றாலயம். 1948இல் தொடங்கிய பணி 1951இல் நிறைவுற்றது. அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் மூன்றே நிறங்கள்: மஞ்சள், பச்சை, நீலம். பச்சையும் நீலமும் ஊடுருவிப் பார்க்கத்தக்கவை. மஞ்சளோ ஒளியை மட்டும் விட்டுப் பார்வையைத் தடுக்கும். சாளரங்களில் மனித உருவம் எதுவுமில்லை, இலை வடிவங்களே உள்ளன. வெள்ளை ஓடுகளில் கறுப்புக் கோட்டால் வரைந்த புனித தொமினிக்கிற்கு முகமில்லை. பாவமன்னிப்பு அறையின் கதவிலுள்ள துளை வேலைப்பாடு நம் மஷ்ரபிய்யாக்களை நினைவூட்டும்.

இங்குதான் ஷ்னைடரின் முறையினது வலிமையும் குறையும் ஒருங்கே தெரிகின்றன. மத்தீஸின் வண்ணத்தையும் அலங்காரத்தையும் வெறும் கண்ணின்பமாகக் கொள்ளாது, புனிதத்தைத் தேடும் முயற்சியாக அவர் வாசிப்பது பாராட்டத்தக்கது. ஆனால் ‘கிழக்கு’ என்ற ஒரே சொல்லின் நிழலில் பாரசீகச் சிற்றோவியமும் பைசாந்தியத் திருவுருவமும் மொராக்கோத் துணியும் அருகருகே நிறுத்தப்படுகின்றன. வடிவங்களின் உறவு தெளிவாகிறது. அவ்வடிவங்களைப் பெற்றெடுத்த கொள்கைகளின் வேறுபாடு மங்கிவிடுகிறது.

உருவத்தடை பற்றி நம் ஃபிக்ஹ் நூல்களில் விரிவான விவாதமுண்டு. தலை நீக்கப்பட்ட உருவத்தை விலக்கப்பட்ட உருவமாக ஃபுகஹாக்களுள் பெரும்பாலோர் கருதுவதில்லை. படைக்கும் தகுதி படைத்தவனுக்கே உரியது என்னும் தவ்ஹீதின் உணர்வே அவ்விவாதத்தின் அடிப்படை. வான்ஸின் முகமின்மை இதனின்றும் வேறானது. அவ்வாலயத்தின் சுவரோவியங்களில் ஒரே ஒரு முகம் உண்டு. அது சிலுவைப் பாதைக் காட்சியில், வெரோனிக்காவின் துணியில் பதிந்த இயேசுவின் முகம். ஏனைய முகங்கள் வெறுமையாய் நிற்பதால் அந்த ஒரு முகம் தனித்துத் துலங்குகிறது. இறைவன் மனித முகம் கொண்டான் என்னும் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு இதைவிட நுட்பமான சித்திரச் சான்று காண்பதரிது. காபிக்கடையில் கற்ற சிக்கனம் இங்கே, நம் அகீதா மறுக்கும் ஒன்றைச் சொல்லப் பயன்பட்டிருக்கிறது.

ஆகவே, வான்ஸ் சாளரங்களைக் கண்டு ‘இது இஸ்லாம் தந்த கொடை’ என நாம் எழுதுவது அரை உண்மையே. ‘கிழக்கு’ என்று பொதுவாகக் கூறி ஷ்னைடர் அமைவதும் அரை உண்மையே. கீல் நம்முடையதாயிருக்கலாம். அதில் திரும்பும் கதவு எந்த அறைக்குள் திறக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். மத்தீஸ் நம்மிடம் பெற்றதைத் துல்லியமாகக் கூறுவதும், தம் வழிபாட்டு மரபுக்கு அவர் அதை எவ்வாறு மாற்றினார் என்பதை நேர்மையாக ஒப்புவதுமே அறிவுக்கு அழகு. அப்பணிக்குத் தேவையான தரவுகளை இவ்வளவு நிறைவாகச் சேர்த்துவைத்தமைக்காக ஷ்னைடரை நாம் பயில வேண்டும். ஃபிக்ஹும் கலை வரலாறும் ஒருங்கே கற்ற ஒருவர் எஞ்சியதை எழுத வேண்டும்.