ஸ்கிரிவனர்: முதல் நாவலுக்கு ஏற்ற மென்பொருளா?

முதல் நாவலை வேர்ட் போன்ற சொற்செயலியில் தொடங்குவோர், பிரதி இருபது அத்தியாயங்களைத் தாண்டியதும், ஒரே கோப்பாக நீண்டு கிடக்கும் அதில் ஒரு காட்சியைத் தேடிப்பிடிப்பதும் இடம்மாற்றுவதும் எழுதுவதைவிடப் பெரிய வேலையாகிவிடுவதை உணர்கின்றனர். இந்தச் சிக்கலைத் தீர்க்கவே ஸ்கிரிவனர் உருவானது. எழுத்தார்வத்தால் நிரலெழுதக் கற்ற கீத் பிளவுன்ட் என்னும் ஆங்கிலேயர் வடிவமைத்த இம்மென்பொருள், 2007இல் மேக் கணினிக்கும் 2011இல் விண்டோஸுக்கும் வெளியானது. இப்போதைய மூன்றாம் பதிப்பு மேக்கில் 2017இலும் விண்டோஸில் 2021இலும் வந்தது.

இதன் அடிப்படை அலகு காட்சி. திரையின் இடப்புறத்தில் உள்ள பைண்டர் என்னும் பட்டியலில் ஒவ்வொரு காட்சியும் தனி ஆவணமாக நிற்கிறது. கார்க்போர்டு என்னும் பார்வைக்கு மாறினால், அவையே சுருக்கக் குறிப்பு எழுதிய அட்டைகளாகப் பரவுகின்றன. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வரும் மரணத்தை மூன்றாம் அத்தியாயத்துக்குக் கொண்டுவர விரும்புபவர், அதன் பெயரைப் பைண்டரில் இழுத்து மேலே விட்டால் போதும், முழு உரையும் உடன் நகர்ந்துவிடுகிறது. திருத்தத் தொடங்குமுன் ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால், அதாவது அக்காட்சியின் அப்போதைய வடிவத்தைச் சேமித்துக்கொண்டால், திருத்தம் பிடிக்காதபோது பழைய வடிவத்துக்கே திரும்பலாம்.

ஒற்றை வாக்கியத்தில் தொடங்கிப் பத்தியாகவும் பக்கங்களாகவும் கதையைப் படிப்படியாக விரிக்கும் ராண்டி இங்கர்மன்சனின் 'ஸ்னோஃப்ளேக்' முறையைப் பின்பற்றுவோருக்கும், தோன்றிய காட்சிகளை முதலில் எழுதிப் பின்னர் வரிசைப்படுத்துவோருக்கும் இந்த அமைப்பு ஒருசேரப் பொருந்துகிறது. ஆயினும், கதைத்திட்டம் இல்லாத குறையை எந்த அட்டையும் ஈடுசெய்யாது.

தமிழில் எழுதுவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். யூனிகோட் தமிழைத் தட்டச்சு செய்ய முடியும் என்றாலும், கட்டளைகள் தமிழில் இல்லை. எழுதியவற்றை ஒரே நூலாக்கும் கம்பைல் என்னும் கட்டத்தில், தேர்ந்தெடுக்கும் வடிவமைப்பு எழுத்துருவை மாற்றிவிடக்கூடும் என்பதால், நிர்மலா போன்ற தமிழ் எழுத்துருவை அங்கும் குறிப்பிட்டுவிடுவது நல்லது. வேற்றுமை உருபுகளும் துணைவினைகளும் சொல்லோடு ஒட்டிவருவதால், ஒரே உள்ளடக்கத்துக்குத் தமிழில் ஆங்கிலத்தைவிடக் குறைவான சொற்களே கணக்கில் வரும். எனவே ஆங்கிலக் கையேடுகள் கூறும் 80,000 சொல் போன்ற இலக்குகளை அப்படியே நிர்ணயிப்பது பொருந்தாது.

கம்பைல் பகுதி புதியவர்களைத் திணறவைப்பதும், ஆண்ட்ராய்டு பதிப்பு இல்லாததும், கூகுள் டாக்ஸ்போல இருவர் ஒரே நேரத்தில் எழுத முடியாததும் இதன் முக்கியக் குறைகள். மாதச் சந்தா இல்லை, ஒருமுறை செலுத்தும் விலைதான். ஆனால் மேக்குக்கும் விண்டோஸுக்கும் தனித்தனி உரிமம் வேண்டும். செலவு தடையாக இருந்தால், ஆஸ்திரேலிய எழுத்தாளர் சைமன் ஹேன்ஸ் உருவாக்கிய 'ஒய்ரைட்டர்' என்னும் இலவச விண்டோஸ் மென்பொருளும் காட்சிவாரியாகவே இயங்குகிறது.

பல கிளைக்கதைகளும் பல காலங்களும் கொண்ட நாவலுக்கு ஸ்கிரிவனர் கொடுத்த விலைக்குத் தகுந்த கருவி. ஒரே நேர்கோட்டில் செல்லும் குறுநாவலுக்குச் சொற்செயலியே போதும். முப்பது நாள் இலவசச் சோதனையில் மென்பொருளைத் திறந்த நாட்கள் மட்டுமே கணக்கிடப்படுகின்றன. வாரத்துக்கு இரு நாள் எழுதுபவருக்கு அது பதினைந்து வாரம் வரும். கையிலுள்ள அரைகுறைப் பிரதியைக் காட்சிகளாகப் பிரித்து அதில் இட்டுப் பார்த்த பின்னரே வாங்குவதைத் தீர்மானிக்கலாம்.