பெயரடைகளை உடுத்துவது

"மேம், பிசினஸ் கேஷுவல்னா என்ன மேம்?"

கேட்டவள் எங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தவள். நான்கு பருவம் என்னிடம் பொதுத்தமிழ் படித்தவள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது; அவள் பேசியது வெள்ளிக்கிழமை இரவு. அப்பா கொத்தனார், அம்மா நூறுநாள் வேலைக்குப் போகிறவர். அந்த வீட்டிலிருந்து அலுவலகம் என்ற ஒன்றுக்குள் முதலில் நுழையப்போகிறவள் இவள்தான். உடைக்கென்று கையில் இரண்டாயிரம் ரூபாய் வைத்திருந்தாள். தமிழாசிரியரிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் நினைத்தேன். நிறுவனம் அனுப்பிய ஒரு பக்க உடை விதியை அவள் எனக்கு அனுப்பினாள். படித்து முடித்ததும், தமிழாசிரியரிடம்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆண்களுக்கான பகுதியில் நான்கு பெயர்ச்சொற்கள்: சட்டை, பேன்ட், பெல்ட், ஷூ. ஜீன்ஸும் டிஷர்ட்டும் வேண்டாம் என்று ஒரு வரி. அவ்வளவுதான். கடைக்குப் போய் அந்த நான்கையும் வாங்கிப் போட்டுக்கொண்டால் ஒருவன் விதிக்குள் வந்துவிடுவான். பெண்களுக்கான பகுதியும் பெயர்ச்சொல்லில்தான் தொடங்குகிறது. சேலை, துப்பட்டாவுடன் சல்வார் கமீஸ், அல்லது சட்டை பேன்ட். அதற்குக் கீழே ஒரு பத்தி. இறுக்கமான, மெல்லிய, குட்டையான, கழுத்து இறங்கிய, பளபளப்பான, கண்ணைப் பறிக்கும், கவனத்தைச் சிதறடிக்கும் உடைகள் தவிர்க்கப்பட வேண்டும். எண்ணிப் பார்த்தேன்: ஏழு அடைமொழிகள்.

பெயர்ச்சொல்லைக் கடையில் வாங்கிவிடலாம். பெயரடையை வாங்க முடியாது. அலமாரியில் மடித்து வைத்திருக்கும் குர்தா இறுக்கமானதும் இல்லை, குட்டையானதும் இல்லை. ஓர் உடம்பின் மேல் ஏறி, இன்னொருவர் பார்த்து முடிவு செய்யும்போதுதான் அது இறுக்கமாகிறது. ஆக, பெண்ணை உற்றுப் பார்க்காமல் இந்த விதியை நடைமுறைப்படுத்தவே முடியாது. உற்றுப் பார்ப்பதைத் தடுக்கத்தான் விதி என்று காரணம் சொல்வார்கள். வாசலிலேயே அந்த வேலையை ஒருவருக்கு ஒதுக்கிவிட்டு இதைச் சொல்வார்கள்.

ஏழில் கடைசியாக வருவதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கவனத்தைச் சிதறடிக்கும் உடை. யாருடைய கவனத்தை? செயப்படுபொருள் இருக்கிறது, ஆறாம் வேற்றுமை இல்லை. கவனத்துக்கு உரியவர் யார் என்பதை வாக்கியம் விழுங்கிவிட்டது. பயிற்சி அறையில் இவளுக்கும் ஒரு கவனம் உண்டு, ஜாவா படிக்க அவளுக்கு அது தேவை என்பது எழுதியவருக்குத் தோன்றவே இல்லை. (எழுதியவர் பெண்ணாகவும் இருக்கலாம். மனிதவளத் துறைகளில் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். அதனால் வாக்கியம் மாறிவிடாது.)

பிசினஸ் கேஷுவல் என்ற தொடர் அமெரிக்க அலுவலகங்களில் வளர்ந்தது. 1986இல் லீவைஸ் நிறுவனம் டாக்கர்ஸ் என்ற பெயரில் காக்கி பேன்ட்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1992இல் அலுவலகத்துக்கு இயல்பாக உடுத்துவது எப்படி என்று ஒரு கையேடு அச்சிட்டு, ஆயிரக்கணக்கான மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பியது. பேன்ட் விற்கிறவர் எழுதிக்கொடுத்த உடை இலக்கணம் அது. அந்த இலக்கணத்தின் மையத்தில் இருந்தது ஆணின் உடம்பு. கோட்டும் டையும் முறையான உடை. டையைக் கழற்றினால் அது கேஷுவல். ஒரு கழித்தல் கணக்கு. பெண்ணுக்கு எதைக் கழிப்பது? நம் ஊரில் சேலை சல்வாராக மாற அனுமதி கிடைத்தது, அதுவும் சும்மா கிடைக்கவில்லை. ஆனால் டை கழன்ற மாதிரி துப்பட்டா கழலவில்லை.

2019இல் தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு உடை விதி வெளியிட்டபோது, ஆண்களுக்குச் சட்டை, பேன்ட் அல்லது வேட்டி என்றது. பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார். வேட்டி வந்ததைப் பலரும் கொண்டாடினார்கள். அந்த 'உடன்' பற்றிப் பேசியவர்கள் குறைவு. மூன்றாம் வேற்றுமை, உடனிகழ்ச்சிப் பொருள். 'ஆசிரியரோடு மாணவர் வந்தார்' என்று வகுப்பில் எடுத்துக்காட்டுச் சொல்வோம். இனிமேல் 'துப்பட்டாவுடன் பெண் வந்தாள்' என்றும் சொல்லலாம்.

உடை விதி அடைமொழிக்குள்ளும் உருபுக்குள்ளும் ஒளிந்துகொள்வது நமக்குப் பழையது. தெற்குத் திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859இல் மன்னரின் அறிவிப்பு வந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்றது. துணி கிடைத்தது, 'போல' கிடைக்கவில்லை. அந்தப் போராட்டத்தில் பெண்கள் அடிபட்டார்கள், சந்தையில் அவர்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. அதையும் குளிரூட்டப்பட்ட அறையில் வரும் ஒரு மின்னஞ்சலையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாராக இல்லை. ஆனாலும் 'போல' இன்றும் வேலை செய்கிறது. கேஷுவல் என்றால் இயல்பு. யாருடைய இயல்பு போல? நகரத்துப் பள்ளியில் படித்த, அம்மா அலுவலகம் போகிற வீட்டுப் பெண்ணின் இயல்பு போல. சேலைதான் கட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தால் என் மாணவி யாரிடமும் கேட்டிருக்க மாட்டாள். அம்மாவின் பெட்டியில் ஒன்று இருந்திருக்கும். இயல்பாக வா என்று சொன்னதும்தான் பயந்துவிட்டாள். 'ரொம்ப சிம்பிளா போனா ஏழைன்னு நினைப்பாங்க, நல்லா போனா ஓவர்னு நினைப்பாங்க மேம்' என்றாள்.

அப்படியானால் பெண்களுக்கும் துல்லியமான பெயர்ச்சொல் பட்டியல் கொடுத்துவிட்டால் போதுமா? நானும் கொஞ்ச நேரம் அப்படி நினைத்தேன். லண்டனில் நிக்கோலா தார்ப் என்ற பெண் 2015 டிசம்பரில் தற்காலிக வரவேற்பாளராக முதல் நாள் வேலைக்குப் போனார். அவருக்கான விதி மிகத் துல்லியம்: குதிகால் உயரம் 2 முதல் 4 அங்குலம். தட்டையான ஷூவில் வந்தவரைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள், நாடாளுமன்றக் குழுக்கள் விசாரித்தன. இருக்கிற சட்டமே போதும் என்று அரசு சொல்லிவிட்டது. அங்குலம் சொன்ன விதியும் நாள் முழுக்க வலிக்கும் பாதத்தைத்தான் கேட்டது. எனவே எனக்கு வேண்டியது இன்னும் தெளிவான பெண்கள் பகுதி அல்ல. ஒரே பகுதி. எல்லாருக்கும் ஒரே பட்டியல், ஒவ்வொன்றுக்கும் வேலையோடு தொடர்புள்ள ஒரு காரணம். ஆய்வகத்தில் மூடிய செருப்பு என்றால் அமிலம் என்று காரணம் சொல்கிறோம் இல்லையா, அந்த மாதிரி.

இதையெல்லாம் வெள்ளி இரவில் அவளிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவள் உள்ளே போக வேண்டும். "முட்டிக்கு வர்ற மாதிரி ரெண்டு காட்டன் குர்தா வாங்கும்மா. ஒரு கறுப்பு பேன்ட், ரெண்டுக்கும் ஆகும். புது ஷூ போட்டு முதல் நாளே கால் புண்ணாக்கிக்காத, இருக்கிற வார் செருப்பையே துடைச்சுப் போட்டுக்கோ" என்றேன். துப்பட்டா என்றாள். எடுத்துக்கோ என்றேன். சொல்லும்போது எனக்கே கசந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த கல்லூரியில் சேலைக்கு மேல் கோட்டு அணியச் சொன்னார்கள். ஏன் என்று கேட்காமல் மூன்று வருடம் அணிந்தவள் நான். ஏப்ரல் மாத வெயிலில், மின்விசிறி ஓடாத வகுப்பில்.

புதன்கிழமை மறுபடி அழைத்தாள். முதல் நாள் துப்பட்டா இரண்டு முறை நாற்காலிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டதாம். இருபக்கமும் ஊக்கு குத்தி உட்கார்ந்தால் தட்டச்சு செய்யும்போது தோள் இழுக்கிறதாம். பக்கத்தில் இருந்த பெண்ணை நிறுத்தி, குர்தாவின் பக்கவெட்டு உயரமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து இவளும் எழுந்து நடக்கும்போதெல்லாம் தன் பக்கவெட்டைப் பிடித்துக்கொண்டே நடக்கிறாள். அன்று நடந்த பாடம் என்ன என்று கேட்டேன். "லூப்ஸ் மேம். பாதிதான் ஏறுச்சு" என்றாள்.

இந்த ஆண்டு அவளுக்குப் பின்னால் படித்த இரண்டு பெண்களுக்கு அதே நிறுவனத்தில் இடம் கிடைத்தது. என்னிடம் வந்து கேட்டார்கள். அவளிடமே கேட்கச் சொன்னேன். அவள் அவர்களுக்கு அனுப்பிய பதிலைக் காட்டினார்கள்: "ரெண்டு குர்தா. கறுப்பு பேன்ட். ஸ்வெட்டர். தண்ணி பாட்டில். துப்பட்டா கொண்டு போ, உள்ள போனதும் பையில வச்சிரு, மூணாவது வாரத்துக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. ஏசி ரொம்பக் குளிரும்."