நிலமும் பின்திரையும்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத்தெருக்களிலும் பாடலுக்குப் படம் பிடிக்கும் இளைஞரை இன்று காண்கிறோம். கெர்பாவ் சாலையில் பல வண்ணம் தீட்டப்பெற்று நிற்கும் பழைய மாளிகையின் முன் நின்று ஆடுவர். தேக்காவின் பூக்கடைகளை ஒட்டி நடந்து பாடுவர். இம்முயற்சிகள் வரவேற்கத்தக்கவை. எனினும், பாடலுக்கும் அது படமாக்கப்படும் நிலத்துக்கும் உள்ள உறவு யாது என்னும் வினா எழாமல் இல்லை. பாடற்படம் என்னும் கலைவடிவம் உலகெங்கும் பரவத் தொடங்கிய காலத்தில் இலங்கையில் எடுக்கப்பட்ட இரு படங்களைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1978இல் தோன்றியது டுரான் டுரான் என்னும் இசைக்குழு. 'நியூ வேவ்' எனப்பட்ட புதிய அலை ராக் இசையைச் சார்ந்தது அது. ஆட்டத்திற்கேற்ற தாளமும், சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியின் மிதக்கும் ஒலியும் அதன் இயல்புகள். அக்குழுவின் முதல் தனிப்பாடல் இசைத்தட்டான 'பிளானட் எர்த்' 1981இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் அமெரிக்காவில் எம்டிவி தொலைக்காட்சி தொடங்கிற்று. கேட்கும் பொருளாயிருந்த பாடல் காணும் பொருளாகவும் மாறியது. இம்மாற்றத்தை நன்கு பயன்படுத்திக்கொண்டவருள் இக்குழுவினர் முன்னிற்பவர். 'பிளானட் எர்த்' பாடலைப் படமாக்கிய ஆஸ்திரேலிய இயக்குநர் ரசல் மல்காஹியுடன் 1982 ஏப்ரலில் அவர்கள் இலங்கை சென்றனர்.

அங்கு எடுத்த படங்களுள் ஒன்று 'ஹங்ரி லைக் த வுல்ஃப்'. பாடகர் சைமன் லெ பான் ஒரு பெண்ணைத் தேடிச் சந்தை நெரிசலிலும் அடர்ந்த காட்டிலும் ஓடுகிறார். தாளத்தின் விரைவும் காட்சிகள் மாறும் விரைவும் பிசகின்றி ஒத்து இயங்குகின்றன. தொழில்திறனில் குறை கூற இடமில்லை. 1983இல் அமெரிக்க இசைத்தட்டுப் பட்டியலில் இப்பாடல் மூன்றாம் இடம் பெற்றதற்கு எம்டிவி பெருந்துணை புரிந்தது. ஆயினும் சந்தையில் நிற்கும் மக்கள் யார்? அவர்கள் ஓடுபவனுக்கு வழிவிடும் கூட்டம், அவ்வளவே. அவர்தம் ஊரும் வேட்டைக்காடாகி விடுகின்றது.

நம் பொருளிலக்கணம் முதல், கரு, உரி என மூன்றை வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்நிலத்து மக்கள், விலங்கு, மரம், தொழில் முதலியன கருப்பொருள்; அங்கு நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். கருப்பொருளுள் பறையும் யாழும் அடங்கும் என்பதை மாணவர் மறத்தல் ஆகாது. ஒவ்வொரு நிலத்துக்கும் தனி ஓசை உண்டு எனக் கண்ட மரபு இது. ஆங்கிலப் பாடற்படத்தைத் தொல்காப்பியத் தராசில் நிறுப்பது முறையோ எனச் சிலர் வினவலாம். அவ்விலக்கணத்துக்கு அக்குழுவினர் கட்டுப்பட்டவர் அல்லர் என்பது உண்மையே. ஆனால் படத்தில் குறைவது எது என்று காட்ட அதனினும் நல்ல கருவி நம்மிடம் இல்லை. இலங்கையின் முதற்பொருள் அங்கே நிறைந்திருக்கின்றது. கருப்பொருள் அணியாகத் தூவப்பட்டிருக்கின்றது. உரிப்பொருளோ வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. நிலத்தின் ஓசை பாடலில் ஓரிடத்தும் கேட்கவில்லை.

மற்றொரு படமான 'சேவ் எ பிரேயர்' இதனினும் சிறந்தது. நிலையாத ஓர் இரவுச் சந்திப்பே அதன் பொருள். சிகிரியா குன்றின் உச்சியிலும் பொலன்னறுவையின் இடிபாடுகளிடையிலும் அது பாடப்படுகின்றது. அழிந்த நகரின் கற்களும் நிலையாமை பேசும் பாடலும் ஒன்றையொன்று தழுவுகின்றன. இங்கே நிலம் ஓரளவு உரிப்பொருளைத் தொட்டுவிட்டது.

எனினும் அக்கற்கள் இன்னும் மிகுதியாகப் பேசக்கூடியவை. சிகிரியாவைக் காண வந்த பழங்காலப் பயணிகள், அங்குள்ள கண்ணாடிச் சுவரில் தம் வியப்பையும் காதலையும் சிங்களச் செய்யுள்களாகப் பொறித்துச் சென்றனர். அவற்றுள் 685 செய்யுள்களை அறிஞர் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். பொலன்னறுவையிலோ, புத்தர் சிலைகளுக்கு அணித்தே, சோழர் எடுத்த வானவன்மாதேவி ஈச்சரம் தமிழ்க் கல்வெட்டுகளுடன் நிற்கின்றது. பழைய பயணி கண்டதோடு நின்றான் அல்லன். கண்ட இடத்தோடு உரையாடினான். புதிய பயணியின் படக்கருவி கண்டது, உரையாடவில்லை.

காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1981 ஜூன் முதல் நாள் இரவு கடந்தபோது யாழ்ப்பாண நூலகம் எரிந்து கிடந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதன்பின் ஓராண்டு நிறையுமுன் இப்படங்கள் எடுக்கப்பட்டன. அப்பாடல் அமெரிக்காவில் புகழின் உச்சியைத் தொட்ட 1983ஆம் ஆண்டின் ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பாட வந்த இளைஞர்மேல் இப்பழியைச் சுமத்துதல் அறமன்று. வரலாறு எழுத அவர்கள் வரவுமில்லை. ஆயினும் ஒரு நாட்டின் அழகை மட்டும் கண்ட உலகம், அந்நாட்டை அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும். பின்திரையாகக் கொள்ளும் கலையின் தீங்கு இதுவே.

இனி நம் தெருவுக்கு மீள்வோம். கெர்பாவ் சாலையின் அவ்வண்ண மாளிகை, மிட்டாய்த் தொழில் நடத்திய டான் டெங் நியா என்னும் சீன வணிகருக்காக 1900இல் கட்டப்பட்டது. 'கெர்பாவ்' என்பது எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல். இவ்வட்டாரத்தில் செழித்திருந்த கால்நடைத் தொழிலின் நினைவு அப்பெயரில் வாழ்கின்றது. சீனர் வீடு, மலாய்ப் பெயர், தமிழர் உழைப்பு மூன்றும் கூடிய தெரு அது. 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டமையால் கட்டடங்கள் காக்கப்பட்டன. அவற்றின் பொருளைக் காக்கும் கடமை நம்முடையது.

வெளியிலிருந்து வந்தோர் நிலத்தைப் பின்திரையாக்கினால் அறியாமை எனப் பொறுக்கலாம். அந்நிலத்திலேயே வாழும் நம் மாணவர் அவ்வாறு செய்தல் பொறுக்கத்தக்கதன்று. ஆசிரியர் அவர்களைத் தடுக்க வேண்டா. படக்கருவியை எடுக்குமுன் அத்தெருவில் ஒரு நாள் செவிகொடுத்து நிற்கச் சொன்னால் போதும். வீரமாகாளியம்மன் கோயில் மணியும், தேக்காவில் விலை பேசும் பல மொழிக் குரல்களும் அவர்தம் பாடலுக்குள் தாமே வந்து சேரும்.