முள் நீங்கிய இதயம்

ஒரு காலத்து மக்களின் கலைச்சுவையை அறிய விரும்புவோர் அக்காலத்துக் காவியங்களையும் ஓவியங்களையும் மாத்திரம் ஆராய்ந்தாற் போதாது. நாட்காட்டிப் படங்களையும் திருமண அழைப்பிதழ்களையும் வாழ்த்து அட்டைகளையும் அவர்கள் ஆராய வேண்டும். பெருங்கலை சிலரிடமே போய்ச் சேருகிறது; சிறுகலையோ எல்லோர் வீட்டினுள்ளும் புகுந்துவிடுகிறது. அவ்வாறு இன்று எங்கும் புகுந்துள்ள படம் ஒன்று உண்டு. கணினியிலே வரைந்து, மணிகளும் பின்னல் ஓரமும் இட்டு அலங்கரித்து, பெப்ரவரி 14ஆம் நாளாகிய காதலர் தினத்துக்கென அனுப்பப்படும் சிவப்பு இதயமே அது.

படத்திருத்த மென்பொருள் கற்கும் இளைஞர் உலகெங்கும் செய்து பழகும் தொடக்கப் பயிற்சிகளுள் இவ்விதயமும் ஒன்று. சிலாபம் முதல் கற்பிட்டி வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரை இதற்கு விலக்கன்று. பிள்ளைகளின் விளையாட்டுத்தானே என்று இதனை ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. இளைஞர் ஒரு வடிவத்தைக் கற்கும்போது அவ்வடிவத்தோடு ஓர் உணர்வையும் கற்கின்றனர். அந்த உணர்வு எத்தகையது என்பதே இங்கு எமது கேள்வி.

முதலில் இது செய்யப்படும் முறையைக் காண்போம். வெறுந்திரையில் இதயத்தின் ஒரு பாதியை மட்டும் வளைகோட்டால் வரைகிறார்கள். அதைப் படியெடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திருப்பி, இரண்டையும் நடுவிலே பொருத்துகிறார்கள். உள்ளே சிவப்பு நிரப்பப்படுகிறது. மேலே இளஞ்சிவப்பும் கீழே கருஞ்சிவப்புமாக நிறம் படிப்படியாக மாறும்போது தட்டையான உருவம் உப்பிய உருவமாகத் தோன்றுகிறது. அதற்குமேல் ஓர் அடுக்கில் வெள்ளை ஒளிப்பொட்டு; அதற்குக் கீழே வேறோர் அடுக்கில் மங்கலாக்கிய நிழல். ஓரக் கோட்டின் வழியே தூரிகையைச் சம இடைவெளியில் ஓடவிட்டால் முத்துமாலை பிறந்துவிடுகிறது. முடிவில் பின்னணியற்ற படமாகப் பி.என்.ஜி. வடிவிலே சேமிக்கிறார்கள், ஜேபெக் வடிவில் சேமித்தால் இதயத்தைச் சுற்றி வெள்ளைச் சதுரம் ஒட்டிக்கொள்ளும்.

இதற்குத் திறமை வேண்டாம் என்று கூறுவோர் செய்து பாராதவர். வளைகோட்டை அடக்குவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். ஒளி எங்கே விழும், நிழல் எங்கே சாயும் என்ற கணக்கும் வேண்டும். எனினும் இப்பயிற்சியிலே மாணவர் எதனையும் கண்டு வரைவதில்லை. அந்த ஒளிக்கு ஒரு சூரியன் இல்லை. அந்த நிழலுக்கு ஒரு நிலம் இல்லை. சொல்லிக்கொடுத்த வரிசைப்படி செய்தால் கொழும்பிலும் கற்பிட்டியிலும் நியூயோர்க்கிலும் ஒரே இதயமே வருகிறது.

இவ்வலங்காரத்தின் பிறப்பையும் நாம் அறிந்துகொள்வது நல்லது. பிரித்தானியாவில் 1840இல் ஒரு பென்னித் தபால் வந்தபின் காதல் வாழ்த்து அனுப்பும் வழக்கம் பெருகியது. அமெரிக்காவில் 1840களின் இறுதியில் எஸ்தர் ஹவ்லண்ட் என்னும் பெண், மசாச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிலே, இங்கிலாந்திலிருந்து தருவித்த பின்னற் காகிதத்தைக்கொண்டு வாழ்த்து அட்டைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். வேலை பெருகவே பெண்களைக் கூலிக்கு அமர்த்தி அவர்களிடையே வேலையைப் பகிர்ந்தார். ஒருத்தி வெட்டினாள், ஒருத்தி அடுக்கினாள், ஒருத்தி ஒட்டினாள். 1881இல் அத்தொழில் ஜோர்ஜ் விட்னி என்பவரின் நிறுவனத்துக்குக் கைமாறியது. ஒருவர் ஒருவருக்கு மனமுருகி அனுப்புவதாகக் கருதப்பட்ட அட்டை, அனுப்புபவரும் பெறுபவரும் அறியாத பல பெண்களின் கையால் உருவாயிற்று. இன்று கணினியில் ‘அடுக்கு’ என்று நாம் அழைப்பவை அம்மேசையில் வரிசையாக இருந்த பெண்களின் இடத்தை நிரப்புகின்றன. பின்னல் ஓரம் மிஞ்சியது. பின்னிய கை மறைந்தது.

வளைகோட்டின் கதையும் இத்தகையதே. இதயத்தின் பாதியை வரையப் பயன்படும் வளைகோடு காதலர்க்கென உண்டானதன்று. 1950களின் இறுதியிலும் 1960களிலும் பிரான்சின் கார்த் தொழிற்சாலைகளிலே, சித்ரொவென் நிறுவனத்துப் போல் த காஸ்தெல்ஜோவும் ரெனோ நிறுவனத்துப் பியேர் பெசியேயும் காரின் உடற்றகட்டுக்கு வடிவங் கொடுக்கக் கண்ட கணிதமே அது. இதில் குறைகூற ஒன்றுமில்லை. தொழிற்சாலையிற் பிறந்த அறிவு கலைக்கு உதவுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், இவ்வளவு உழைப்பும் அறிவும் கூடிப் பெற்ற கருவியால் நாம் எதனைச் சொல்லப் போகிறோம்?

புத்தளக் கரைக்கு இதய வடிவம் புதிதன்று. இக்கரையின் கத்தோலிக்க மீனவர் இல்லங்களிலே திரு இருதயப் படம் நெடுங்காலமாகத் தொங்குகிறது. 17ஆம் நூற்றாண்டிலே பிரான்சில், மார்கரெட் மேரி அலக்கோக் என்னும் கன்னியாஸ்திரியின் காட்சிகளை அடியொற்றிப் பரவிய பக்தி அது. சமயக் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் இங்கு எமது நோக்கமன்று. படத்தை மட்டும் பார்ப்போம். அவ்விதயத்தைச் சுற்றி முள்முடி இருக்கிறது. பக்கத்தில் ஈட்டி பாய்ந்த காயம் இருக்கிறது. உச்சியில் நெருப்பு எரிகிறது. அன்பு என்பது துன்பத்தைத் தாங்குவது என்ற கருத்தை அப்படம் தன் வழியிலே சொல்கிறது. கடலுக்குச் சென்றவன் திரும்புவானோ என்று கரையில் நின்றவளுக்கு அப்படம் விளங்கியிருக்கும். காதலர் தினத்து இதயமோ முள் நீங்கிய இதயம். காயமும் நெருப்பும் நீங்கிய இதயம். முள் இருந்த இடத்தில் முத்துமாலை வந்திருக்கிறது. விற்பனைப் பொருளுக்குக் காயம் ஆகாதல்லவா?

தமிழ்க் கவிதையின் நெஞ்சு வேறு வகையானது. வள்ளுவர் காமத்துப்பாலிலே ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமும் ‘நெஞ்சொடு புலத்தல்’ என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். நம் புலவர் நெஞ்சுக்கு வடிவம் வரையவில்லை, அதனோடு பேசினார்கள். அது எதிர்வாதம் செய்யும், சொற்கேளாது, தலைவியை விட்டுத் தலைவன் பின்னே போய்விடும். கணினி இதயம் அழகாக இருக்கிறது. ஆனால் ஊமையாக இருக்கிறது.

பழந்தமிழ் மரபிலே கடற்கரை நெய்தல் நிலம். அதன் உரிப்பொருள் இரங்கல். தலைவன் தேரேறிப் போவான். தலைவி கரையிலே காத்திருப்பாள். இன்று புத்தளக் கரையில் நெய்தல் தலைகீழாகிவிட்டது. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்லும் இலங்கைப் பெண்களுள் இம்மாவட்டத்தாரும் பலர். 1990களின் நடுப்பகுதியில் நாட்டைவிட்டுத் தொழிலுக்குச் சென்றோருள் பெண்களே பெரும்பான்மையினர். இன்று போகிறவள் தலைவி. கரையிலே காத்திருப்பவர்கள் கணவனும் பிள்ளைகளும். இவர்களுள் 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிம் குடும்பத்தாரும் உளர். அன்று வெளியேற்றப்பட்டோர் தொகை 70,000க்கும் மேல். அவர்களுட் பெரும்பகுதியினர் இக்கரைக்கே வந்து சேர்ந்தனர். வீடிழந்த குடும்பத்தின் மகள், வீடு கட்டுவதற்காக மற்றொருவர் வீட்டைத் துடைக்கப் போகிறாள்.

அவளுக்கும் அந்தச் சிவப்பு இதயம் போய்ச் சேருகிறது. பிள்ளை கைத்தொலைபேசியிலே அனுப்புகிறது. இரண்டரை மணிநேரம் பின்தங்கிய குவைத்து நேரத்தில், எசமானியின் பிள்ளையை உறங்கவைத்துவிட்டு அவள் அதைப் பார்க்கிறாள். அவளுக்கு அப்படம் போலியன்று. வேறு எதுவும் அனுப்ப முடியாத இடத்தில் அது ஒன்றே உறவின் சான்று. ஆகவே இப்படத்தை ஏளனம் செய்யும் உரிமை எமக்கில்லை. எமது குறை வேறு: இத்தனை பெரிய பிரிவைச் சொல்வதற்கு, உலகச் சந்தையிலே தயாரான ஒரு வடிவத்தைத் தவிர வேறெதனையும் நாம் அப்பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

இங்கே இரு சாராருடன் நாம் மாறுபடுகிறோம். ஒரு சாரார் காதலர் தினம் அந்நியப் பண்பாடு, அதைத் தடுக்க வேண்டும் என்கின்றனர். சீதனப் பேரத்தில் பெண்ணின் விலை பேசப்படும்போது இவர்கள் பண்பாட்டுக்கு ஆபத்து வந்ததென்று கூறக் காணோம். சாதி பார்த்து, மதம் பார்த்து, காணி பார்த்து இரு உயிர்களைப் பிரிக்கும்போதும் காணோம். 2013இல் அரசு ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ என்ற கட்டுப்பாட்டைக் கொணர்ந்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் பணிப்பெண்ணாகச் செல்லலாகாது என்றபோது, அத்தாய்க்கு ஊரிலே ஒரு வேலை கொடுக்கும்படி இவர்கள் கேட்டதாகவும் தெரியவில்லை. மற்றச் சாரார், படத்தைப் படமாகப் பார்க்க வேண்டும், நிறமும் வடிவும் நன்றாயிருந்தாற் போதும் என்கின்றனர். நிறமும் வடிவும் நன்றாகவே இருக்கின்றன. யாருக்காக, எதற்காக என்று கேட்டவுடன் அவை மௌனமாகிவிடுகின்றன.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷொப் மென்பொருளை 2013 முதல் அதன் உரிமையாளர் சந்தா முறைக்கு மாற்றத் தொடங்கினர்; இப்போது அது மாத வாடகை வீடு போன்றது. மறுபுறத்தே, கலிபோர்னியாவில் பேர்க்லிப் பல்கலைக்கழகத்து மாணவர் இருவர் 1995இல் தொடங்கிய கிம்ப் என்னும் மென்பொருள் இருக்கிறது. அதனை எவரும் பணமின்றிப் பெறலாம், அதன் உள்ளமைப்பைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம். பல நாட்டார் கூடி உழைத்த உழைப்பு பொதுச்சொத்தாக நிற்பதற்கு இது நல்ல உதாரணம். எமது பள்ளிகள் எதனைக் கற்பிக்க வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் கருவி பொதுவானதாலேயே கலை மக்களுடையதாகிவிடாது. பொதுக் கருவியாலும் சந்தையின் இதயத்தையே வரையலாம், வரைந்துகொண்டுதான் இருக்கிறோம்.

அப்படியாயின் பின்னற் காகித ஓரத்தை நீக்கி மீன்வலைக் கண்ணியை வைக்கலாமா? முத்துக்குப் பதிலாகப் புத்தளத்து உப்புப் பளிங்கை வைக்கலாமா? மருதோன்றிக் கோலத்தை வைக்கலாமா? வைக்கலாம், அது ஒரு தொடக்கம். ஆனால் 1960 அளவில் ஈழத்தில் ‘தேசிய இலக்கியம்’ என்ற குரல் எழுந்தபோது நாம் கற்ற பாடத்தை மறத்தலாகாது. நாலு வட்டாரச் சொற்களைத் தூவியதால் மட்டும் ஒரு கதை மண்ணின் கதையாகவில்லை. அதுபோலவே அலங்காரத்தை மாற்றியதால் மட்டும் இதயம் இக்கரையின் இதயமாகிவிடாது. உடப்பிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டை எண்ணிப் பார்ப்போம். அதன் தாளம் வெளியிலிருந்து ஒட்டிய அலங்காரமன்று. பலர் சேர்ந்து இழுக்கும் வேலையிலிருந்து எழுந்தது. ஆகவேதான் அது அழகாக இருக்கிறது.

எனவே கணினி கற்பிக்கும் ஆசிரியர்க்கு நாம் கூறுவது இது: இதயப் பயிற்சியை நிறுத்தவேண்டாம். ஓரிடத்தில் மட்டும் மாற்றுங்கள். ஒரு பாதியை வரைந்து, படியெடுத்து, திருப்பி ஒட்டுவதே இப்பயிற்சியின் உயிர்நிலை என்று கண்டோம். அம்முறைப்படி இரண்டாம் பாதிக்குத் தன் வடிவம் என்று ஒன்றில்லை. அது முதற் பாதியின் பிரதிபிம்பம். ஆனால் வாழ்க்கையில் இரு பாதிகளும் ஒன்றல்ல. ஒருவர் கரையில் இருக்கிறார். ஒருவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். ஒருவர் சீதனம் கேட்கிறார். ஒருவர் அதைத் தேடி உழைக்கிறார். இரண்டாம் பாதியைப் படியெடுக்காமல் தனியே வரையும்படி மாணவரிடம் கூறுங்கள். அந்தப் பாதி யாருடையது, அவர் இப்பொழுது என்ன வேலை செய்துகொண்டிருக்கிறார், அவருடைய கை எப்படி இருக்கும் என்று கேளுங்கள். வருகின்ற வடிவம் கோணலாக இருக்கலாம், கடையிலே விலைபோகாதிருக்கலாம். ஆனால் அதிலே முள்ளும் காயமும் திரும்பி வந்திருக்கும். அவை வந்த பிறகே அதனை இதயம் என்று அழைக்க எமக்குத் துணிவு பிறக்கும்.