இயைபு: சோம்பலா, புலமையா?

யோகி பி – நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' (2006) வெளிவந்தபின், மலேசியத் தமிழ்ச் சொல்லிசை குறித்து ஒரு வழக்கு தொடர்கிறது. அடிதோறும் ஒத்த ஒலியில் முடியும் வரிகளை இளையோர் புலமை என்பர். ஆசிரியருள் சிலர் சோம்பல் என்பர்.

இருசாராரும் தமிழின் இயல்பொன்றை நோக்குவதில்லை. நம் தொடர் பெரும்பாலும் வினைமுற்றில் முடிவது. 'நடந்தேன், பார்த்தேன், சிரித்தேன்' என விகுதியே இயைபைத் தந்துவிடும். பாடலாசிரியர் எதனையும் தேட வேண்டுவதில்லை. யாப்பு நூலார் மோனைக்கும் எதுகைக்கும் முதன்மை தந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என நாம் கருதுகிறோம்.

மலாய்ப் பந்துனில் நிலைமை வேறு. மலாய் வினை பால், இடம் காட்டும் விகுதி ஏற்பதில்லை. முதலடியோடு மூன்றாமடியும், இரண்டாமடியோடு நான்காமடியும் இயையச் சொல்லையே தேடியாக வேண்டும். தமிழ் வழியினராயினும் மலாய் பேசும் மலாக்காச் செட்டிகள் பாடிவரும் தோண்டாங் சாயாங்கில் (2018இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற கலை) இவ்வுழைப்பைக் கேட்கலாம்.

ஆகவே ஜாசினிலோ அலோர் காஜாவிலோ மாணவன் ஒரு சொல்லிசை வரியைக் கொண்டுவந்தால், விகுதியை நீக்கியபின் இயைபு எஞ்சுகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். பெயரிலோ மலாய்க் கடன்சொல்லிலோ முடிந்து இயையும் வரி பெரும்பாலும் தேடிப் பெற்றது. அதனை மொழிக்கலப்பு என ஒதுக்கும் ஆசிரியர், விகுதி இயைபுக்கு மதிப்பெண் தருவதுதான் வியப்பு.