நடைக்கணக்கும் தொப்பூர் இறக்கமும்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் லாரித் தொழில் வேரூன்றி வளர்ந்த வரலாற்றை ஆராய்பவர்கள், பாடி கட்டும் பட்டறைகளையும், பைனான்ஸ் கம்பெனிகளையும், வானம் பார்த்த பூமியில் பிழைக்கப் பழகிய மக்களின் கடும் உழைப்பையும் காரணங்களாக எடுத்துரைப்பது வழக்கம். அவை யாவும் உண்மையே. ஆயினும், ஒரு வண்டியோடு தொடங்கியவர் பத்து வண்டிகளுக்கு உரிமையாளராக உயர்ந்ததற்கும், கிளீனராக ஏறியவர் டிரைவராகி, பின்னொரு நாள் தம் பெயரிலேயே ஆர்.சி. புத்தகம் வாங்கியதற்கும் ஆதாரமாக நின்ற ஓர் ஏற்பாட்டுக்கு, அதற்குரிய கவனம் கிடைத்ததில்லை. டிரைவருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்றை வைக்காமல், அல்லது பெயரளவில் வைத்துவிட்டு, வண்டி ஈட்டும் வாடகையில் இத்தனை விழுக்காடு என்று படி கொடுப்பதும், டீசலுக்கு ஒரு மைலேஜைப் பேசி முடித்து, அதற்குமேல் மிச்சம் பிடிப்பதை அவருக்கே விட்டுவிடுவதுமான அந்த ஏற்பாட்டை நடைக்கணக்கு என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். சிக்கனத்தை வளர்த்த இச்சம்பிரதாயம் பாதுகாப்பையும் வளர்த்ததா என்ற வினாவே இங்கு விசாரணைக்கு உரியது.

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு, ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடந்து மும்பையில் இறக்கிவிட்டு, திரும்புகையில் நாசிக் பக்கத்து லாசல்காவ் சந்தையிலிருந்து வெங்காயம் ஏற்றிவரும், டாரஸ் எனப்படும் மூன்று அச்சு லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். புறப்படும்போது முதலாளி ஒரு தொகையை அட்வான்ஸாகக் கொடுக்கிறார். டீசல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தார்ப்பாய்க் கூலி, பஞ்சர், சாப்பாடு, வெளியே சொல்ல இயலாத மாமூல் ஆகிய யாவும் டிரைவரின் கையாலேயே செலவாகி, எண்ணெய்க் கறை படிந்த டிரிப் சீட்டில் வரிவரியாக ஏறுகின்றன; 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானபின் டோல் செலவு மட்டும் அந்தச் சீட்டிலிருந்து விடைபெற்றது. வண்டி ஊர் திரும்பியதும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்கள். “மைலேஜ் குறைஞ்சிருக்கே, என்னப்பா?” என்று முதலாளி கேட்பார். “கர்நாடகா பூரா எதிர்காத்துங்க, லோடும் சாஸ்திங்க” என்று பதில் வரும். அந்த மேஜையின் இரு புறத்திலும் இருப்பவர்கள் ஒரே தொழிலின் நுணுக்கங்களை அறிந்தவர்கள் என்பதும், அவர்களில் ஒருவர் நேற்றுவரை மற்றவரின் இடத்தில் இருந்தவர் என்பதும் இந்த ஏற்பாட்டின் தனிச்சிறப்பு.

இதன் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு எட்டாத தூரத்தில், பாஷை தெரியாத மாநிலத்தில், தன் சொத்தில் பெரும்பகுதியை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊரில் இருக்கும் உரிமையாளர், அவரைக் கண்காணிப்பதற்கு எத்தனை மேஸ்திரிகளை நியமித்தாலும் பிரயோஜனமில்லை. லாபத்தில் டிரைவருக்கும் ஒரு பங்கு உண்டு என்ற உணர்வு ஒன்றே நம்பத்தக்க கண்காணிப்பு. பங்குள்ள டிரைவர் வண்டியை நிறுத்தும் இடமெல்லாம் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே காற்றின் நிலையை அறிகிறார். உள்பக்க டயர் ஒன்று மந்தமாக ஒலித்தால், அடுத்த பஞ்சர் கடைவரை கூட ஓட்டாமல் அங்கேயே ஜாக்கி போடுகிறார். இத்தகைய சிரத்தையை வெறும் உத்தரவினால் உண்டாக்குவது எளிதன்று.

டீசலின் கணக்கு இதைவிடத் தெளிவானது. மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 2,500 லிட்டர் செலவாகும்; அதே வண்டியை நாலரைக்கு ஓட்டினால் ஏறத்தாழ 2,220 லிட்டரே போதும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், இந்த அரைக் கிலோமீட்டர் வித்தியாசம் மாதந்தோறும் இருபத்தைந்தாயிரம் ரூபாய் பெறும். 2014 அக்டோபரில் டீசல் விலைமீதிருந்த அரசின் கட்டுப்பாடு நீங்கி, 2017 ஜூன் முதல் விலை நாள்தோறும் மாறத் தொடங்கியபின், பேசிய வாடகை மாறாமல் நிற்க, எரிபொருளின் விலை மட்டும் ஏறுவதால் நேரும் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு, மாதத் தவணையையும் தவறாமல் கட்டவேண்டிய சிறு உரிமையாளருக்கு, டிரைவரின் கால்விரலில் இருக்கும் இந்தச் சிக்கனத்தைவிடப் பெரிய துணை வேறில்லை. ஆகவே நடைக்கணக்கை வெறும் சுரண்டல் என்று ஒதுக்கிவிடுவோரின் அபிப்பிராயம் எனக்கு உடன்பாடன்று.

குறை எங்கே தொடங்குகிறது என்றால், இந்தக் கணக்கு எதை அளக்கிறதோ அதை மட்டுமே வளர்க்கிறது என்பதில்தான். அது வாடகையை அளக்கிறது, தூக்கத்தை அளப்பதில்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்றும், ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்றும் வகுத்தது. ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட ஸ்தாபனங்களையே அது தன் வரம்புக்குள் கொண்டது. வேலை நேரம் அச்சட்டத்தின்படியே அமையவேண்டும் என்று 1988-இன் மோட்டார் வாகனச் சட்டமும் கூறியது. எனினும் ஒன்றிரண்டு வண்டிகள் வைத்திருப்பவரின் டிரைவர் எத்தனை மணி நேரம் கண்விழித்தார் என்று எவரும் கேட்டதாக இல்லை. எட்டு மணி நேரம், சராசரி நாற்பது கிலோமீட்டர் வேகம் என்று கொண்டால், ஒரு நாளைக்கு 320 கிலோமீட்டர்; மும்பைக்கு நான்கு நாள் வேண்டும். புக்கிங் ஆபீஸில் மூன்று நாளில் இறக்கித் தருவதாக வாக்குக் கொடுக்கப்படுமானால், குறையும் அந்த ஒரு நாள் டிரைவரின் உறக்கத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. தேசிய பெர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருக்கவேண்டும் என்று விதிகள் வற்புறுத்திய காலமும் உண்டு. அப்போதும் இரண்டாமவர் பெரும்பாலும் காகிதத்திலேயே பிரயாணம் செய்தார். இன்று படியில் பங்கு குறையாதிருக்கும்பொருட்டு டிரைவர்கள் கிளீனரைக்கூட அழைத்துச் செல்வதில்லை. நடு இரவில் பேச்சுக்கொடுத்து விழித்திருக்கச் செய்யவும், பின்னோக்கி எடுக்கையில் இறங்கி நின்று வழிகாட்டவும் இருந்த ஒரே துணை இவ்வாறு போயிற்று. நாளைய டிரைவர்களை உருவாக்கிய பள்ளிக்கூடமும் கூடவே போயிற்று. டிரைவர் கிடைக்கவில்லை என்று இன்று முறையிடும் உரிமையாளர்கள் இதை ஆழ்ந்து யோசிக்கவேண்டும்.

சரக்கு இறக்கும் இடத்தில் கிடங்கு நிரம்பியிருந்தால் வண்டி இரண்டு நாள் வாசலிலேயே நிற்கும். சக்கரம் சுழலாத நாளுக்கு விழுக்காடு ஏது? காத்திருப்புக்கென்று ஹால்டிங் தொகை பேசப்பட்டிருந்தாலும் அது டிரைவரின் கைக்கு வருவது அபூர்வம். அந்த இரண்டு நாளின் வருமானத்தை அவர் சாலையிலேதான் மீட்கவேண்டியிருக்கிறது. எப்படி மீட்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதிக பாரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வாடகை டன் கணக்கில், படி வாடகைக் கணக்கில் என்றால், கூடுதல் டன்னுக்கு முதலாளி, டிரைவர் இருவரின் சம்மதமும் எளிதில் கிடைத்துவிடும். 2018-இல் மூன்று அச்சு வண்டியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்டபோது, இனி மிகைபாரம் ஒழியும் என்ற நம்பிக்கை இருந்தது; வரம்பு உயர்ந்ததே ஒழிய, வரம்பைக் கடக்கும் ஆசை குறையவில்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையின் பயனாக, அச்சின்மீதுள்ள பாரம் கூடக்கூட, சாலைக்கு நேரும் சேதம் அப்பாரத்தின் நான்காம் அடுக்கை ஒட்டி வளர்கிறது என்பது தெரியவந்தது. ஐந்தில் ஒரு பங்கு மிகையாக ஏற்றினாலே சேதம் இரட்டிப்பாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மிகைபாரத்துக்கான அபராதத்தை 20,000 ரூபாயாகவும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயாகவும் உயர்த்தியதோடு, ஓட்டுபவரைப் போலவே ஓட்டச் செய்பவரையும் பொறுப்பாளியாக்குகிறது. நடைமுறையிலோ ஸ்டியரிங்கில் கை வைத்திருப்பவரே அகப்படுகிறார்.

ஆனால் இந்த ஏற்பாட்டின் குணமும் குற்றமும் ஒன்றாக வெளிப்படும் இடம் தொப்பூர். மும்பையிலிருந்து திரும்பும் நம் வண்டி தருமபுரியைத் தாண்டி, வெங்காய லோடுடன் சேலத்தை நோக்கிக் கணவாயில் இறங்குகிறது. வீடு இன்னும் சிறிது தூரம்தான். பேசிய மைலேஜுக்குச் சில லிட்டர் குறைவாக இருக்கிறது. இறக்கமோ தானாகவே வண்டியை இழுக்கிறது. கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டால் டீசல் மிச்சம் என்ற எண்ணம் அப்போது எழுகிறது. அப்படித் தள்ளிய மாத்திரத்தில், எஞ்சின் தன் தடையினால் சக்கரங்களைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்த சக்தி முழுவதும் விடுபட்டுப்போகிறது. எக்ஸாஸ்ட் பிரேக்கும் பயனற்றதாகிறது. இருபத்தெட்டு டன்னின் வேகத்தைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் பிரேக் லைனர்கள்மேல் விழுகிறது. மிதிக்க மிதிக்க டிரம் காய்ந்து விரிகிறது. விரிந்த டிரம்மை எட்ட ஷூ இன்னும் தூரம் நகரவேண்டும். சூடேறிய லைனரோ பிடிமானம் இழந்து வழுக்குகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால், செலவான காற்றழுத்தத்தைக் கம்ப்ரஸரும் உடனுக்குடன் நிரப்ப இயலாது. மீண்டும் கியரில் போடலாம் என்றால், அந்த வேகத்தில் கியர் விழாது. இரட்டைப் பாலம் அருகே முன்னே செல்லும் கார்களை நொறுக்கிக்கொண்டு லாரி நின்றது என்று நாம் படிக்கும் செய்திகளில் பலவற்றுக்குப் பின்னால் இருக்கும் பௌதிகம் இதுதான். நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று காவல்துறையும் போக்குவரத்துத் துறையும் அங்கே ஓயாது எச்சரிப்பதும் இதனாலேயே.

இதில் நெஞ்சை உறுத்தும் விஷயம், அந்த மிச்சமே பொய் என்பது. இன்றைய எஞ்சினில், கியரில் இருந்தவாறே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால், டீசல் தெளிப்பு அறவே நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருப்பதற்கேனும் டீசல் எரிந்தே ஆகவேண்டும். பிரேக் போட்டே தீரவேண்டிய செங்குத்தான இறக்கத்தில், நியூட்ரல் உயிருக்கும் நஷ்டம், டீசலுக்கும் நஷ்டம். இந்தச் சிறு உண்மையை டிரைவருக்கு எடுத்துச் சொல்வதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. மைலேஜ் குறைந்தால் படியில் பிடித்துக்கொள்ளத் தெரிந்த எத்தனையோ அலுவலகங்கள் அந்த ஒரு மணி நேரத்தைச் செலவிடவில்லை என்பது பெரிய குற்றம் என்றே கருதுகிறேன்.

ஜி.பி.எஸ். பொருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வோர் இருக்கிறார்கள். வண்டி எங்கே நிற்கிறது என்பதை அக்கருவி தவறாமல் காட்டுகிறது. ஆனால் சாலையோரத்தில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்த டிரைவரை, “ஏன் நிக்குது வண்டி?” என்று போனில் எழுப்புவதற்கே அது பயன்படுமானால், அந்தச் செலவு அபாயத்தை விலைக்கு வாங்கியதாகவே முடியும். மாறாக, இரவில் ஐந்து மணி நேரம் இடைவிடாது ஓடிய வண்டியின் டிரைவரை அழைத்து, நிறுத்திப் படுக்கச் சொல்லும் முதலாளிகளும் உண்டு. அவர்களிடம் டிரைவர்கள் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருப்பதைக் காணலாம். 2025 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டதும் நல்ல மாற்றமே. ஆனால் நேரம் கொடுக்கப்படாதவனுக்குக் குளிர்ந்த கேபினும் உறக்கம் தராது.

நடைக்கணக்கை ஒழிக்கவேண்டும் என்பது என் கட்சியன்று. அதன் அளவுகோல்கள் மாறவேண்டும். குடும்பம் நடத்தப் போதுமான மாதச் சம்பளம் ஒன்று அடியில் இருந்து, அதன்மேல் விழுக்காடு வரட்டும். அந்த விழுக்காடும் சட்டம் அனுமதித்த டன்வரைக்குமே கணக்கிடப்படட்டும். மைலேஜை ஒரே நடையில் பார்க்காமல், காற்றும் லோடும் சமனாகும்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கலாம். கடைசி இறக்கத்தில் எதையாவது செய்து குறையை ஈடுகட்டவேண்டும் என்ற பதற்றம் அதனால் நீங்கும். பட்டறையில் சக்கரத்தைக் கழற்றும்போது பிரேக் லைனரின் கனத்தை அளந்து எழுதி வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. கியரில் இறங்கும் டிரைவரின் வண்டியில் லைனர் நீடித்து உழைக்கும், நியூட்ரலில் இறங்குபவரின் வண்டியில் அது சீக்கிரம் தேய்ந்து கருகியிருக்கும். டீசலைப் போலவே லைனருக்கும் டயருக்கும் ஊக்கத்தொகை உண்டென்றால், டிரிப் சீட்டு காட்டாத ஒன்றைப் பட்டறைக் கணக்கு காட்டிவிடும்.

எஞ்சியிருப்பது காத்திருக்கும் நாளின் கூலி. இதைத் தனி உரிமையாளர் ஒருவரால் சரக்கு அனுப்புவோரிடம் வாதாடிப் பெறமுடியாது; கேட்டால், அடுத்த லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். ஆனால் நாமக்கல்லில் வலிமை வாய்ந்த சங்கங்கள் இருக்கின்றன. சமையல் எரிவாயு டேங்கர் உரிமையாளர் சங்கம் எண்ணெய் நிறுவனங்களோடு வாடகை பேசி, தேவைப்பட்டால் வண்டிகளை நிறுத்திவைத்தும் தன் நியாயத்தை நிலைநாட்டும் வல்லமை பெற்றது. அடுத்த ஒப்பந்தம் பேசும்போது, டன்னுக்கும் கிலோமீட்டருக்கும் விலை கேட்கும் அதே மேஜையில், இறக்கும் இடத்தில் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஹால்டிங் இவ்வளவு என்றும், அதில் டிரைவருக்கு இவ்வளவு என்றும், அது அவருடைய வங்கிக் கணக்கிலேயே சேரவேண்டும் என்றும் ஒரு ஷரத்தைச் சேர்க்கும்படி அச்சங்கங்கள் வற்புறுத்தலாம்.