ஊதியப் பதிவில் பெயர்ப்புலம்: புதுச்சேரியை முன்வைத்து

சி மொழி குறித்த கெர்னிகன், ரிச்சி ஆகியோரின் நூல் (1978) 'ஸ்ட்ரக்ட்' எனும் கட்டமைப்பிற்கு மரபான எடுத்துக்காட்டாக ஊழியர் ஊதியப் பதிவைச் சுட்டுகிறது. பெயரும் பல கூறுகள் உடையது என்கிறது. அக்கூறுகளை முதற்பெயர், குடும்பப்பெயர் என்றே பயிற்சி நிரல்கள் வரையறுப்பது புதுச்சேரிக்குப் பொருந்தாது.

1881ஆம் ஆண்டு ஆணையின்வழித் தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றோர் குடும்பப்பெயர் சூடினர். அது வழித்தோன்றல்களுக்கும் உரியதாயிற்று. ஏனையோருள் பலருக்குத் தந்தை பெயரின் தலைப்பெழுத்தே உண்டு. அதனை விரித்துக் குடும்பப்பெயர்ப் புலத்தில் இட்டால் தந்தையின் பெயரே ஊழியர் பெயராய் அச்சாகும். வங்கிக் கணக்கின் பெயரோடு ஒவ்வாமல் ஊதியம் தடைபடவும் கூடும்.

ஆதலின் இயற்பெயர், தலைப்பெழுத்து ஆகியவற்றுக்குத் தனிப்புலங்களும், வெற்றாக விடத்தக்க குடும்பப்பெயர்ப் புலமும் கொண்ட உட்கட்டமைப்பே இங்குத் தகும்.